எட்டாவது பாகத்தில் சிரிக்கிற இடம்

மார்ச் 3, செவ்வாய்

கலா காலை ஆறேகாலுக்குப் போய்விட்டாள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4, புதன்

நேற்று மாலையே எடுத்துவிட்டார்கள். இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். மாவு சலித்தேன். சலித்த மாவையே மறுபடியும் சலித்தேன்.

பத்து மணிக்குக் கலா வீட்டுக்குப் போனேன். தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவள் மகள் தாரணி பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் அது. நானும் கலாவும் சேர்ந்து நின்ற படம். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் தோளில் கிடக்கும் என் கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. ஆளில்லாமல் நாலு விரல் மட்டும் தெரிகிறது. போஸ்டர் அடிக்கிறவனுக்கு அறிவு வேண்டாமா? கிழித்துப் போடலாம் என்று கை பரபரத்தது.

வீட்டில் டிவியை ஒரு வேட்டியால் மூடியிருந்தார்கள். பதினாறு முடியும் வரை போடக் கூடாது. தாரணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பெரிம்மா, அம்மாவும் நீங்களும் பாத்தீங்களே ஒரு ஜெராக்ஸ் கடை நாடகம்? ஆஸ்பத்திரில கூட அதையேதான் பேசிட்டிருந்தாங்க. காரியம் முடியட்டும், நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். அம்மா எங்கெங்க சிரிச்சாங்கன்னு நீங்க சொல்லோணும்."

"பாக்கலாம் கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது?

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த நாடகத்தை நான் பார்த்ததே கிடையாது. பார்த்தேன் என்று கலாவிடம் பொய் சொன்னேன். இது தாரணிக்குத் தெரியக் கூடாது. கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு இந்த உலகத்தில் பிள்ளை என்று இருப்பது சிநேகிதி பெற்ற அவள் ஒருத்திதான். பதினாறாம் நாளுக்குள் பத்துப் பாகத்தையும் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

மார்ச் 5, வியாழன்

ப்ளஸ் டூ தேர்வுக்கு அறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் நின்றதில் கால் வீங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தும் டிவி போடவில்லை. கலா என்னை நச்சரித்ததுதான் நினைவில் ஓடுகிறது. ஆவணியில் ஆரம்பித்தாள். "அடியே சௌந்தரம், ஒருக்கா பாருடி. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பொம்பளைங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. பாக்கியம், ரெஜினா. ஒருத்தி புருசன் செத்தவ, இன்னொருத்தி கட்டிக்காதவ. நம்ம ஊர் மாதிரியே ஒரு ஊரு. சிரிக்க வெச்சுட்டே இருப்பாங்க, இருந்தாப்ல இருந்து தொண்டைய அடைக்கும். அழுதுட்டே சிரிக்கலாம்" என்பாள். "எனக்கு உயிரியல் நடத்தவே தொண்டை அடைக்குது, போடி" என்பேன். டிவி முன்னால் உட்காருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கலா மட்டும் விதிவிலக்கு, அதுவும் அவள் கலா என்பதால்.

கடைசியில் அவளே வந்து, தன் கணக்கிலேயே என் டிவியில் அந்த ஆப்பைப் போட்டாள். அதில் ஆளுக்கொரு முகம் வைக்க வேண்டுமாம். தனக்குச் சிரிக்கிற பூனை. எனக்கு ஆந்தை. "பொருத்தமா இருக்குது பாரு" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மார்ச் 6, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு முதல் பாகம் பார்த்தேன். டிவியைப் போட்டதும் 'யார் பார்ப்பது?' என்று கேட்டது. பூனையும் ஆந்தையும் நின்றன. கண்ணாடி போடாமல் பூனையை அமுக்கிவிட்டேன். உள்ளே, 'தொடர்ந்து பார்க்க' என்ற இடத்தில் அந்த நாடகம் மூன்றாம் பாகத்தில் நின்றது. கலா எல்லாப் பாகத்தையும் நாலைந்து தடவை பார்த்தவள். மறுபடி ஆரம்பித்திருப்பாள் போல. எப்போது ஆரம்பித்தாள்? கடைசி ஒரு மாதம் அவளுக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லையே.

வெளியே வந்து ஆந்தைக்குள் போனேன்.

நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது. பாக்கியமும் ரெஜினாவும் உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்தைத் தவறுதலாகக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் போட்டுவிடுகிறார்கள். அவர் சண்டைக்கு வருவார் என்று பயந்து கிடந்தால், அந்த மனுஷன் தினமும் வந்து தன் படத்தின் அடியில் நின்று, யார் யார் வருத்தப்படுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன்.

மார்ச் 7, சனி

இரண்டாம் பாகம். ரெஜினா ஜெராக்ஸுக்கு வரும் எந்தத் தாளையும் படிக்க மாட்டாள். "அடுத்தவங்க எழுத்தப் படிக்கறது பாவம், எத்தனை காப்பின்னு மட்டும் கேக்கோணும்" என்பது அவள் சட்டம். ஒரு பையன் தன் காதல் கடிதத்தை இருபது காப்பி எடுத்துப் போகிறான். அவளுக்குத் தெரியவே இல்லை.

முடித்த பிறகு ஒரு சந்தேகத்தில் பூனைக்குள் போய்ப் பார்த்தேன். நேற்று மூன்றாம் பாகத்தில் நின்றது இன்று நாலில் நிற்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பூனை: ஐந்து முடிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கலா வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் குழந்தைவேல் அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கலா ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலிருந்தே அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். வகுப்பில் கணக்கு புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அப்படி.

"ஏனுங்ண்ணா, வீட்டுல டிவி யாராச்சும் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் வாய்க்குப் பூட்டில்லை என்பது உறைத்தது.

"எங்கூட்டுல டிவி போட்டு ஒரு மாசம் ஆச்சுங்க டீச்சர்" என்றார்.

தாரணியைத் தனியாகக் கேட்டேன். "அம்மா போனா? ஆஃப் பண்ணி அப்பா பீரோவுல வெச்சிருக்காருங்க பெரிம்மா. நான் அந்தப் பக்கமே போகல. ஏன்?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன்.

திரும்பும்போது போஸ்டர் சுவர் வழியாக வராமல் பால் சொசைட்டி வழியாகச் சுற்றி வந்தேன்.

மூன்றும் நாலும் பார்த்தேன். பூனை ஏழில் நிற்கிறது. எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறாள். இருக்கிறது என்று எழுத வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. நகராட்சியில் கேட்டால் மோட்டார் ரிப்பேராம். வழக்கமான பதில். ஐந்தாம் பாகம். ரெஜினாவை எழுதியவர்களுக்கு என்னை எங்கிருந்து தெரியும்? கோபம் வந்தால் அவளும் என்னைப் போலக் கண்ணாடியைத்தான் கழற்றித் துடைக்கிறாள்.

மார்ச் 11, புதன்

பூனை எட்டாம் பாகத்தில், இருபத்தோராவது நிமிடத்தில் நிற்கிறது.

எட்டாம் பாகம் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதை எழுதுவதா வேண்டாமா என்று மதியம் முழுக்க யோசித்தேன். சரி, எழுதுகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன புரட்டாசி. காலாண்டுத் தேர்வுத் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கலா போன் செய்தாள். "நாடகம் பாத்துட்டியாடி?" என்றாள். பத்தாவது தடவையாகக் கேட்கிறாள். "பாத்துப்போட்டேன், பத்தும் பாத்துப்போட்டேன்" என்றேன். அப்புறம், "எட்டாவதுல அந்த ஜெராக்ஸ் போடற எடம்... அது உனக்கு எப்படி இருந்துச்சு சௌந்தரம்?" என்றாள். காமெடி நாடகத்தில் எப்படி இருக்கும்? "அய்யோ, அதையேன் கேக்கற! சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாப்போச்சு" என்றேன்.

"சிரிச்சியா?" என்றாள்.

"சிரிக்காம? சரி வெய்யி, தாள் திருத்தோணும்."

இவ்வளவுதான். ஒரு சாதாரணப் பொய். சமைத்துக் கொடுத்தவர்களிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லையா?

மார்ச் 12, வியாழன்

ஆறாம் பாகம் பார்த்தேன். பூனை எட்டிலேயே இருக்கிறது. ஆனால் நேற்று இருபத்தொன்று, இன்று காலை பத்தொன்பது, மதியம் இருபத்திரண்டு. முன்னும் பின்னும் போய் வருகிறது. ஒன்பதாம் பாகத்துக்குப் போகவில்லை. யாரோ அங்கேயே நின்று திரும்பிப் பார்த்துக் காத்திருப்பது போல இருக்கிறது.

மூன்றரை மணிக்குக் கலாவின் நம்பருக்கு அடித்தேன். ஆஃப் என்று வரும், மனம் ஆறும் என்றுதான் அடித்தேன். மணி போனது. ஐந்தாவது மணிக்கு எடுத்தார்கள்.

யாரும் பேசவில்லை. பின்னால் காற்றுச் சத்தம். அதற்கும் பின்னால், ரெஜினாவின் குரல்: "எத்தனை காப்பி?"

நான் "கலா?" என்றேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது, அறிவியல் படித்தவள், வாய் அப்படித்தான் சொன்னது. கட் ஆகிவிட்டது.

வெயில் அப்படிக் கொளுத்தியும், கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினேன். அப்புறம் சாத்தியிருப்பதும் பயமாக இருந்து எல்லாவற்றையும் திறந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

ஏழாம் பாகம் பார்த்தேன். எட்டாவது பார்க்கவில்லை. தலைவலி.

மார்ச் 14, சனி

பள்ளிக்கூடம் இல்லை. பருப்பு வேக வைத்தேன், துணி துவைத்தேன், அலமாரியில் பழைய செய்தித்தாளை மாற்றினேன். செய்ய வேறு வேலை இல்லாமல் போனது. இரண்டு மணிக்கு எட்டாம் பாகத்தைப் போட்டேன்.

முதல் இருபது நிமிடம் ஒரே கூத்து. பாக்கியத்தின் கொழுந்தன் வாங்கிவந்த பழைய மெஷின் எல்லாத் தாளையும் கறுப்பாகவே துப்புகிறது. அதன் பிறகு கடை காலியாகிறது. பாக்கியம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இத ஒரு காப்பி போடு" என்று ரெஜினாவிடம் கொடுக்கிறாள். ரெஜினா வழக்கம் போல் படிக்காமல் கண்ணாடி மேல் கவிழ்க்கிறாள். "எத்தனை காப்பி?" என்கிறாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்து, "இன்னிக்கு ஒரு நாள் படிச்சுப் பாரு" என்கிறாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்.

மெஷின் வெளிச்சம் ரெஜினா முகத்தில் போய் வருகிறது. பாக்கியம் சொல்கிறாள்: "எனக்குச் சொல்ல வாய் வரல. கோயமுத்தூருக்கு வரச் சொல்றாங்க. நீ கூட வருவியா?" ரெஜினா ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, "நட" என்கிறாள். அவ்வளவுதான். இருபத்தோராவது நிமிடத்திலிருந்து இருபத்து மூன்று வரை.

இந்த இடத்தைத்தான் கலா என்னிடம் கேட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

தையில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவளைத் திட்டினேன். "வயித்துல கட்டியோட இத்தனை நாள் இருந்திருக்கியே, என்கிட்டயாவது சொல்லித் தொலைக்க வேண்டாமாடி?" என்றேன். என்னை வெகு நேரம் பார்த்துவிட்டு, "சொன்னனே" என்றாள். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். நர்ஸைக் கூப்பிட்டு, பேஷண்ட் உளறுகிறாள் என்று நானே சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 18, புதன்

இன்று காரியம் முடிந்தது. பந்தியில் பரிமாறினேன். சும்மா நின்றால் யாராவது பேசுவார்கள் என்று சாம்பார் வாளியைக் கையிலிருந்து விடவே இல்லை.

எல்லோரும் போன பிறகு, குழந்தைவேல் அண்ணன் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து கலாவின் போனை எடுத்தார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, அதிகமானது.

"அன்னிக்கு நீங்க அடிச்சப்ப கை பட்டு எடுத்துப்போட்டேனுங்க. பேச முடியல" என்றார். "காரியம் முடியறதுக்குள்ள நாடகம் பாக்கறான்னு நாலு பேர் பேசுவாங்கன்னு, தோட்டத்துல மோட்டார் ரூம்புல உக்காந்து பாத்தேன். தாரணிக்குக்கூடத் தெரியாது."

அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அவ புரட்டாசிலயே ஸ்கேன் எடுத்திருக்காளுங்க டீச்சர். எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில சேத்தப்பறந்தான் சொன்னா. என்கிட்ட சொன்னா நான் ஒடஞ்சுபோயிருவேனாம். சௌந்தரத்துக்கு மட்டும் சொன்னேன், வாய்விட்டுச் சொல்ல முடியாம நாடகத்துல காமிச்சேன், அவ விழுந்து விழுந்து சிரிச்சா. படிச்சவ, அவளே சிரிக்கறான்னா இதுல ஒண்ணும் இருக்காது, நான்தான் பைத்தியக்காரி மாதிரி பயந்துக்கறேன்னு விட்டுட்டேன்னா. பொங்கலுக்கு அப்பறம் வலி தாங்காமத்தான் வாயத் தொறந்தா."

போனை என் முன்னால் நீட்டினார். இருபத்தோராவது நிமிடம். ரெஜினாவின் முகத்தில் வெளிச்சம் நின்றுபோயிருந்தது.

"நானும் ஒரு வாரமா போட்டுப் போட்டுப் பாக்கறேனுங்க. முன்னாடி போட்டுப் பாத்தேன், பின்னாடி போட்டுப் பாத்தேன். எனக்குச் சிரிப்பு வரலீங்க. நான் அவ்வளவா படிக்காதவன். கோவிச்சுக்காதீங்க டீச்சர், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இதுல சிரிக்கிற எடம் எதுங்க?"

அந்த மனுஷன் குரலில் குத்தலே இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"நான் பாக்கவே இல்லீங்ண்ணா" என்றேன். "பாத்தேன்னு பொய் சொன்னேன். அவ நச்சரிப்பு நிக்கட்டும்னு சொன்னேன்."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். கீழே கிடந்த வேப்பஞ்சருகைக் காலால் நசுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னை அடித்திருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அதற்குத்தான் நின்றேன்.

"தாரணி உங்களோட சேந்து பாக்கோணும்ங்கறா" என்றார். "ஏழோட நிறுத்திருங்க. கரண்ட் போச்சு, நெட்டு போச்சுன்னு எதையாவது சொல்லுங்க. நீங்க சிரிச்சத அவகிட்டயும் அம்மா சொல்லியிருக்கா. பாத்தா அவளும் இதத்தான் கேப்பா. அம்மா போயிட்டா. பெரிம்மாவாச்சும் இருக்கட்டும் அவளுக்கு."

சரி என்று தலையாட்டினேன். வெட்கங்கெட்டவள், உடனே ஆட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

தாரணி நாளை வருகிறாள். ஞாயிறு பெங்களூர் பஸ். அவளுக்குப் பிடிக்கும் என்று முறுக்குக்கு மாவு பிசைந்தேன். ஏழோடு நிறுத்துவதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவை ஆறு மணிக்கு வந்து என்னைக் கடைவீதிக்குக் கூப்பிடச் சொல்லி வைத்திருக்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு!

மார்ச் 21, சனி

இரண்டு மணிக்கு வந்தாள். ஆந்தையில் போட்டேன். முறுக்கு தின்றுகொண்டே பார்த்தாள். ஃப்ளெக்ஸ்காரர் வந்ததும் அவளுக்குப் புரையேறியது. "அம்மா இங்க சிரிச்சிருப்பாங்களா பெரிம்மா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டாள். கலா சிரிப்பதைப் போலவே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். என் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று. இவளை விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன் என்றுதான் ஏழு பாகமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு முடிந்தது. எதிர்வீட்டு அம்மா சொன்னபடி வாசலில் வந்து, "டீச்சர், கெளம்பலாங்களா?" என்றார். தாரணி என் முகத்தைப் பார்த்தாள். "போகோணுமா பெரிம்மா? சரி, மிச்சத்த அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள்.

நான் அந்த அம்மாவிடம், "இன்னிக்கு வரலீங்க, நீங்க போங்க" என்றேன். உட்கார்ந்து, எட்டாம் பாகத்தை அமுக்கினேன்.

மெஷின் வெளிச்சம் வந்தது. தாரணி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டாள். ரெஜினா ஷட்டரை இழுத்தாள். "நட" என்றாள். பாகம் முடிந்து பெயர்கள் ஓடின. தாரணி டிவியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இதுலயா பெரிம்மா நீங்க சிரிச்சீங்க?"

"சிரிக்கல கண்ணு. பாக்கவே இல்ல. பாத்துச் சிரிச்சேன்னு உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். உங்கம்மா தன் ஸ்கேன் சங்கதிய எனக்குச் சொல்லிப்போட்டதா நினைச்சுட்டா. நான் சிரிச்சேங்கறத நம்பி நாலு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும்.

தாரணி துப்பட்டாவில் இருந்த முறுக்குத் தூளைத் தட்டினாள். எழுந்தாள். பையை எடுத்தாள். வாசலில் குனிந்து செருப்பைப் போட்டாள். நான் நிலைப்படி வரை போனேன். கேட்டைச் சாத்தும்போது ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

சின்னக் குழந்தையாக இருந்தபோதிருந்து, இந்த வீட்டை விட்டு ஒரு நாளும் 'போயிட்டு வரேன் பெரிம்மா' என்று சொல்லாமல் அவள் போனதில்லை. இன்று சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்துதான் நாம் அப்படிச் சொல்லாமல் போவோம்.